மாடியிலேயே நோய் தாங்கும் வெண்டை ரகம் உருவாக்குவது எப்படி

பங்குனி பிறந்துவிட்டால் சென்னை மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். வெண்டை நன்றாகத்தான் வந்தது, திடீரென்று இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது, காய் வெளுத்துச் சிறுத்துவிட்டது, என்ன அடிக்கலாம்? அடித்துக் குணப்படுத்த ஒன்றும் கிடையாது. இது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரஸ் கிருமி. வெள்ளை ஈ பரப்புகிறது. செடிக்குள் ஏறிவிட்டால் இறங்காது. முளைத்து 35 நாளுக்குள் தொற்றினால் மகசூலில் 94 சதவீதம் வரை போய்விடும், 65 நாள் தாண்டித் தொற்றினால் பாதியாவது தேறும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த கணக்கு.

வருடா வருடம் வேப்பெண்ணெய் அடித்து ஈயைத் துரத்துவதற்குப் பதிலாக, நோய் தாங்கும் செடியை நாமே தேர்ந்தெடுத்து உருவாக்க முடியாதா என்று கேட்டால், முடியும். ஆய்வகம் வேண்டாம், மரபணுச் சோதனை வேண்டாம். ஒரு பிளேடு, ஒரு இடுக்கி, பட்டர் பேப்பர், நூல், நோட்டு, நாற்பது குரோ பேக் வைக்க இடம், மூன்று வருடப் பொறுமை, இவ்வளவுதான். ஆனால் மாடித்தோட்டக்காரர்களுக்குக் கசக்கும் விஷயம் ஒன்று உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோயை வரவிட வேண்டும். வரவழைக்கவே வேண்டும். மருந்தடித்துக் காப்பாற்றிய செடி நோய் தாங்குமா தாங்காதா என்று யாருக்கும் தெரியாது. செடி காய்ந்தால் மனசு கேட்காது என்பவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம், கடையில் விதை வாங்கிப் போடுவதே நிம்மதி.

ஏன் வெண்டை? பூ பெரியது, கைக்கு அடங்கும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். விதை போட்டு நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூ, அதற்கப்புறம் ஒரு மாதம் சொச்சத்தில் முற்றிய விதை. ஒரு காயில் ஐம்பது விதை சாதாரணமாகக் கிடைக்கும். வாழையிலோ மாவிலோ இதைச் செய்ய நினைத்தால் ஆயுள் பத்தாது.

முதல் வேலை தாய் தந்தை தேடுவது. ஒன்று உங்களுக்குப் பிடித்த ரகம்: ருசி, நீளம், சுணை இல்லாத காய், எதுவோ அது. விதைத் திருவிழாக்களில் கிடைக்கும் நாட்டு வெண்டைகளில் ருசியானவை நிறைய உண்டு, நோய் வந்தால் முதல் பந்தியில் உட்காருவதும் பெரும்பாலும் அவைதான். இன்னொன்று நோய் தாங்கும் ரகம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா, மராத்வாடா வேளாண் பல்கலைக்கழகத்தின் பர்பானி கிராந்தி, இரண்டுக்குமே எதிர்ப்புச் சக்தி காட்டு வெண்டை இனங்களிலிருந்து வந்தது. காட்டு இனத்தோடு நேரடியாக ஒட்டுச் சேர்த்தால், அதாவது ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்தால், முதல் தலைமுறை பெரும்பாலும் மலடாகிவிடும், அதை மீட்டெடுத்து நல்ல வெண்டையோடு திரும்பத் திரும்பச் சேர்த்துப் பழைய குணத்துக்குக் கொண்டுவர விஞ்ஞானிகளுக்கே பல வருடம் பிடித்தது. அந்தக் கஷ்டத்தை அவர்கள் பட்டு முடித்துவிட்டார்கள், நாம் முடிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கஸ்தூரி வெண்டையை மட்டும் இதில் இழுக்காதீர்கள், பெயர்தான் வெண்டை, இனம் வேறு.

இந்த ரகங்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் வேண்டாம். பூசா சவானி என்று ஒரு ரகம், டெல்லியில் வெளியானபோது நோயே அண்டாது என்று நாடு முழுக்கப் பரவியது. இன்று நோய்க்கு எளிதில் இரையாகும் செடிக்கு உதாரணமாக ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் நட்டு வைக்கிறார்கள். கிருமியும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் தாங்கும் ரகம் என்று வாங்கியதை முதலில் ஒரு கோடையில் உங்கள் மாடியிலேயே போட்டுப் பாருங்கள், அம்பத்தூரில் தாங்குவது தாம்பரத்தில் தாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் சொல்வதென்றால், இரண்டு மூன்று ரகம் போட்டுப் பார்த்து, கோடை முடியும்வரை பச்சையாக நிற்பதைத் தந்தையாக எடுங்கள். அது சிவப்பு வெண்டையாக அமைந்துவிட்டால் யோகம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதில்தான் பலருக்கும் சறுக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் விதைக் காய் செடியில் நின்றால் மழையில் பூஞ்சை பிடித்துவிடும், விதை காய்க்குள்ளேயே முளைக்கவும் செய்யும். ஈயும் மழையில் குறைந்துவிடும் என்பதால் நோய்ச் சோதனைக்கும் அந்த மாதங்கள் உதவாது. ஆக, ஆனியில் தாய் தந்தை இரண்டையும் விதையுங்கள். ஆடியில் பூக்கும், அப்போது ஒட்டுச் சேர்த்தால் புரட்டாசிக்குள் விதை கையில். அதை மழையெல்லாம் ஓய்ந்து மார்கழி ஆரம்பத்தில் விதைத்தால் மாசிக் கடைசியில் அடுத்த விதை. அதைப் பங்குனியில் போட்டால், சரியாக அக்னி நட்சத்திரத்தில், ஈ கொழிக்கும் நேரத்தில், முழுச் செடியாக நிற்கும். அதுதான் நமக்கு வேண்டிய பரீட்சை.

இனி ஒட்டுச் சேர்க்கும் முறை. இதை நிதானமாகப் படியுங்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தாய்ச் செடியைப் பாருங்கள். நாளைக் காலையில் விரியப்போகும் மொட்டு தனியாகத் தெரியும், நன்றாகப் பருத்து, நுனியில் பச்சை உறை பிளந்து வெளிர் மஞ்சள் எட்டிப்பார்க்கும். பச்சையாக இறுகி இருந்தால் நாளைக்கு விரியாது, ஏற்கெனவே விரிந்து வாடியது என்றால் காரியம் முடிந்துவிட்டது. அந்த மொட்டின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பிளேடால் சுற்றிலும் மெல்லக் கீறுங்கள், ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கும் பிஞ்சு காயப்படும். கீறிய பிறகு மேல்பகுதியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் உறையும் இதழும் சேர்ந்து தொப்பி மாதிரி கழன்று வரும். உள்ளே ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக மஞ்சள் மணிகள், உச்சியில் அடர் சிவப்பில் ஐந்து முதல் ஒன்பது வரை குட்டி முடிச்சுகள். மஞ்சள் மணிகள் மகரந்தப்பைகள், சிவப்பு முடிச்சுகள் சூலகமுடி. இடுக்கியால் மஞ்சளை முழுக்க, கீழிருந்து மேல்வரை சுரண்டி எடுத்துவிடுங்கள், சூலகமுடியில் கை படாமல். ஒன்றிரண்டு தங்கிவிட்டால் செடி தன்னைத்தானே சேர்த்துக்கொண்டுவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. முடிந்ததும் பட்டர் பேப்பர் உறையால் மூடி, காம்போடு நூல் கட்டுங்கள். தந்தைச் செடியிலும் நாளை விரியப்போகும் மொட்டு ஒன்றிரண்டுக்கு உறை போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் உங்களுக்கு முன்னால் தேனீ வந்துவிடும்.

மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் மாடி ஏறுங்கள். தந்தைப் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டால் மகரந்தத் தண்டு கையில் ஒரு சின்ன பிரஷ் போல நிற்கும், அதைத் தாயின் சூலகமுடி மேல் எல்லாப் பக்கமும் தடவுங்கள். சிவப்பு மேல் மஞ்சள் பொடி ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். திரும்ப உறை போட்டு, வேறு நிற நூல் ஒன்று கட்டி, அட்டையில் தாய், தந்தை, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சென்னை வெயிலுக்கும் ஒரு தூறலுக்கும் நிற்காது. மூன்று நான்கு நாளில் பிஞ்சு நீண்டிருந்தால் உறையைக் கழற்றிவிடலாம், மஞ்சளாகி உதிர்ந்தால் வேறு மொட்டில் முயலுங்கள். வெயில் கொளுத்தும் நாட்களில் பாதிக்குப் பாதி உதிர்வது சகஜம், ஐந்தாறு மொட்டில் செய்து வைத்தால் இரண்டாவது நிற்கும், இரண்டே தாராளம். அந்தச் செடியில் மற்றக் காய்களைப் பிஞ்சிலேயே பறித்துச் சாம்பாருக்கு அனுப்பிவிடுங்கள், சத்தெல்லாம் விதைக் காய்க்குப் போகட்டும். காய் காய்ந்து விளிம்பு வெடிக்க ஆரம்பிக்கும்போது அறுக்கலாம்.

அந்த விதையிலிருந்து வருவது எஃப்1, முதல் தலைமுறை. இதில் சோதனை ஒன்றும் வேண்டாம், எல்லாச் செடியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். பார்க்க வேண்டியது ஒன்றுதான், உண்மையிலேயே ஒட்டு விழுந்ததா. தாய் பச்சை, தந்தை சிவப்பு என்று வைத்திருந்தால் இங்கே விடை கிடைக்கும், ஒட்டு விழுந்த செடியின் தண்டிலும் காயிலும் பெரும்பாலும் சிவப்புச் சாயல் ஏறியிருக்கும், துளிகூட இல்லாத சுத்தப் பச்சையைச் சந்தேகப்பட்டுக் கழித்துவிடுங்கள். இரண்டுமே பச்சையென்றால் இலை வெட்டு, காய் முகடு என்று தந்தையின் ஏதாவது அடையாளத்தைத் தேட வேண்டியிருக்கும். தேறிய செடியில் நாலைந்து பூவுக்கு முந்தின நாள் சாயங்காலமே மொட்டின் நுனியை நூலால் கட்டிவிடுங்கள். பூ விரியாது, உள்ளுக்குள்ளேயே தன் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். தேனீ கலப்படம் இல்லாத விதை.

இப்போதுதான் உண்மையான வேலை. எஃப்1 செடியின் விதையிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறையில் தாத்தா பாட்டி குணமெல்லாம் கலைந்து வெளியே வரும். எத்தனை செடி போடுவது என்று எல்லோரும் கேட்பார்கள், இதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கில் ஒன்றுக்கு வரும் குணம் ஒரு செடியிலாவது கிடைக்க 95 சதவீதம் வாய்ப்பு வேண்டுமென்றால் 11 செடி போதும். பதினாறில் ஒன்றென்றால் 47. அறுபத்து நான்கில் ஒன்றென்றால் 191, மாடி தாங்காது. வெண்டையின் எதிர்ப்புச் சக்தி ஒரு மரபணுவில் இருப்பதாகச் சில ஆய்வும் இரண்டில் இருப்பதாகச் சில ஆய்வும் சொல்கின்றன, தந்தை ரகத்தைப் பொறுத்து மாறும். இரண்டு என்றால் பதினாறில் ஒன்றுக் கணக்கு, அதனால் அறுபது செடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பைக்கு இரண்டு. காய்க்காகப் போடும்போது ஒரு பைக்கு ஒரு செடிதான் சரி, இது பரீட்சைக்காக, நெருக்கமாக இருந்தால் பரவாயில்லை. மாடியில் அவ்வளவு எடை ஏற்றலாமா என்று வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றை விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே, மாசிக் கடைசியில், நோய்க்கு எளிதில் இரையாகும் வெண்டையை ஏழெட்டுப் பையில் போட்டு வையுங்கள். உங்கள் தாய் ரகமே போதும். அது முதலில் நோய் வாங்கும், அதிலிருந்து ஈ மற்றதுக்கெல்லாம் கொண்டுபோகும். சோதனைச் செடிகளுக்கு நடுநடுவே இவற்றைப் பரத்தி வையுங்கள், ஒரு ஓரமாக வைத்தால் அந்த ஓரத்துச் செடிதான் அடி வாங்கும், எதிர் ஓரம் தப்பிக்கும், நீங்கள் அதை நோய் தாங்கும் செடி என்று நம்பிவிடுவீர்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகளைக் கழற்றிவிடுங்கள். பூண்டு மிளகாய்க் கரைசல், வேப்பெண்ணெய், எதுவும் கூடாது. பக்கத்து மாடியில் யாராவது வெண்டை வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

முப்பதாம் நாள், நாற்பத்தைந்து, அறுபது, எழுபத்தைந்து, இந்த நான்கு நாளும் ஒவ்வொரு செடிக்கும் மதிப்பெண் போடுங்கள். துளி மஞ்சளும் இல்லையென்றால் சுழி, மேல் இலைகளில் மட்டும் நரம்பு மஞ்சள் என்றால் ஒன்று, பாதிச் செடிக்குப் பரவினால் இரண்டு, முழுச் செடியும் என்றால் மூன்று, காயும் வெளுத்துவிட்டால் நான்கு. கடைசி நாள் மதிப்பெண்ணைவிட எந்த நாளில் நோய் தொடங்கியது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முப்பதாம் நாளே மஞ்சளான செடியும் எழுபதாம் நாள் மஞ்சளான செடியும் கடைசியில் ஒரே மூன்று மதிப்பெண்ணில் நிற்கலாம், ஆனால் இரண்டாவது உங்களுக்கு ஒரு மாதம் காய் கொடுத்திருக்கும்.

இங்கே சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மாடியில் இரும்புச் சத்துக் குறைபாடு வெகு சாதாரணம், அதிலும் இளம் இலை மஞ்சளாகும். அவசரப்பட்டுச் செடியைப் பிடுங்காமல் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து நடுவே உள்ள பரப்பு மஞ்சளாக இருந்தால் சத்துக் குறைபாடு. நரம்பு மஞ்சளாகி, வலை பின்னியதுபோல் தெரிந்து, நடுவே பச்சை திட்டுத்திட்டாக நின்றால் தேமல். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். விளிம்பு மட்டும் மஞ்சளாகி மேல்நோக்கிக் கப்பல் மாதிரி மடங்கினால் தத்துப்பூச்சி. இலையின் அடியில் பொரிப்பொரியாகத் தட்டுப்பட்டு இலை சுருண்டால் அது இலைச்சுருள் வைரஸ், அதற்கும் வெள்ளை ஈதான் காரணம், அதற்குத் தனிக் கலம் போட்டு எழுதுங்கள். ஒன்றைத் தாங்கும் செடி மற்றதைத் தாங்காமல் போகலாம்.

அறுபதாம் நாள் வாக்கில் நடுவே வைத்த தாய் ரகச் செடிகளைப் பாருங்கள். அவை எல்லாமே மஞ்சளாகியிருந்தால்தான் அந்த வருடப் பரீட்சை செல்லும். அவையே பச்சையாக நின்றால் ஈ வரவில்லை என்று அர்த்தம், உங்கள் சோதனைச் செடிகள் பரீட்சையே எழுதவில்லை. மதிப்பெண்ணைக் கிழித்துப் போட்டுவிட்டு மிச்ச விதையை அடுத்த கோடைக்கு வையுங்கள். இதற்காகத்தான் விதையில் பாதியை எப்போதும் போடாமல் எடுத்து வைக்க வேண்டும்.

தேறியதில் எதைப் பொறுக்குவது? நோய் மட்டும் பார்த்தால் கடைசியில் யாரும் தின்னாத காய் ஒன்று கையில் மிஞ்சும். கோயம்பேட்டில் காய் வாங்கும்போது நுனியை உடைத்துப் பார்க்கிறோமே, அதையே இங்கேயும் செய்யுங்கள், பூத்து எத்தனையாவது நாள்வரை நுனி ‘டக்’கென்று உடைகிறது என்று குறித்து வையுங்கள். நான்காம் நாளே நார் வைக்கும் செடி வீட்டுக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது. சுணை, கிளை, காயின் நீளம் எல்லாம் அப்புறம். ருசிக்குக் கருவி எதுவும் கிடையாது, ஒவ்வொரு செடிக் காயையும் தனியாக வதக்கித் தின்று பார்க்க வேண்டியதுதான், வீட்டில் திட்டு விழும்.

நன்றாக நின்ற ஆறேழு செடிகளில் மொட்டுகளை நூலால் கட்டி விதை எடுங்கள், ஒவ்வொரு செடி விதையும் தனித்தனிப் பொட்டலத்தில். ஒன்றாகக் கலந்தால் அத்தனை உழைப்பும் வீண். ஆடியில் ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் 11 செடி தனி வரிசையாகப் போடுங்கள். ஏன் அதே 11? எதிர்ப்புக் குணம் ஓங்கு பண்பாக, அதாவது தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிவதாக, இருந்தால் இரண்டாம் தலைமுறையில் பச்சையாக நின்ற மூன்று செடிகளில் இரண்டு உள்ளுக்குள் அரைகுறை, அதன் பிள்ளைகளில் நான்கில் ஒன்று நோயில் விழும். பதினொரு பிள்ளைகளைப் பார்த்தால் அந்தக் குட்டு உடையாமல் தப்ப நூற்றில் நாலைந்து வாய்ப்புத்தான். வரிசை முழுக்கப் பச்சையாக நின்றால் அந்தக் குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள், கலந்து வந்தால் அதில் நின்ற செடியை மட்டும் இன்னொரு தடவை பார்க்கலாம், பாதிக்கு மேல் விழுந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். இப்படியே கோடையிலும் ஆடியிலும் மாற்றி மாற்றி ஆறாம் தலைமுறை வரை போனால் வரிசைக்குள் செடிகள் அநேகமாக ஒரே மாதிரி வர ஆரம்பிக்கும்.

கடைசிவரை வந்த செடி மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் ஒட்டுக்கட்டிப் பார்க்கலாம். நோயுள்ள செடியின் நுனித்தண்டை ஆப்பு போலச் சீவி, உங்கள் செடியின் தண்டைப் பிளந்து செருகி, ஒட்டுக்கட்டும் டேப் சுற்றி, பாலித்தீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். ஈயின் தயவில்லாமல் கிருமி நேராகச் சாற்றில் இறங்கும். ஒட்டுப் பிடித்தபின் துளிர்க்கும் இலையும் பச்சையாக வந்தால் கிருமியையே தாங்குகிறது. மஞ்சளானால் ஈக்குத்தான் அந்தச் செடி பிடிக்கவில்லை, அல்லது இத்தனை நாள் தப்பித்து வந்திருக்கிறது. ஈக்குப் பிடிக்காத செடியும் கெட்ட செடி இல்லை, தோட்டத்தில் அதுவும் உதவும், நோட்டில் எது எது என்று சரியாக எழுதினால் போதும்.

விதையை நிழலில் நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து இறுக்கமான பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், இந்த ஊர் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் இறங்கிவிடும். நண்பர்களுக்குக் கொடுக்கலாமா என்று சிலர் பயப்படுகிறார்கள். பதிவான ரகத்தைக்கூடப் புது ரகம் உருவாக்க மூலமாகப் பயன்படுத்த 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும்கூட உரிமை உண்டு, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. தாம்பரத்தில் ஒருவர், திருவள்ளூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர் ஒருவர் என்று நாலு இடத்துக்குக் கொடுத்தால் நாலு இடத்துக் கிருமியும் ஈயும் உங்கள் செடியைச் சோதித்துச் சொல்லும், ஆளுக்கு ஐம்பது விதை போதும். கொடுக்கும்போது பொட்டலத்தோடு தாய் ரகத்தின் விதை பத்தும் சேர்த்துக் கொடுத்து, பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள், மருந்தடிக்க வேண்டாம் என்றும்.